சுடாதிருக்கும் நுட்பம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று வந்து இஞ்சிவிளையோடு கேரளத்தை முடித்துக்கொள்கிறது. அடுத்து களியக்காவிளை; அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. அப்போது விழுந்த கோடுதான் இது. சந்தைக்கும் பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இடுப்பில் கைத்துப்பாக்கியோடு போகிறவர் கவனித்தே ஆகவேண்டும். ஆயுத உரிமம் ஒவ்வொன்றிலும் அது எந்தப் பரப்புக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால், இஞ்சிவிளையில் உரிமதாரராக இருந்தவர் சில நூறு அடி நடந்ததும் உரிமமில்லாத ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். துப்பாக்கியும் அதுவே, ஆளும் அவரே. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு நிலைகள்.

உரிமம் இருந்தாலும் எப்படி எடுத்துச் செல்வது என்பதற்கும் விதி உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறைக்குள் இருக்கவேண்டும். முழுக்க மூடியிருக்கவேண்டும். எடுத்துச் செல்கிறவரின் கட்டுப்பாட்டிலும் இருக்கவேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டினாலே குற்றம்.

அமெரிக்காவின் கதை நேர் எதிராகத் தொடங்கியது. கென்டக்கி மாநிலம் 1813இலேயே மறைத்துச் செல்வதைத்தான் தடை செய்தது. நேர்மையானவன் ஆயுதத்தை எல்லோரும் பார்க்கத்தான் வைத்திருப்பான், ஒளிப்பவன் கள்ளன் என்பது அந்தக் காலத்து எண்ணம். இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துச் செல்ல உரிமமே தேவையில்லை. நம் சட்டம் வேறு வழியில் போகிறது: ஆயுதம் கூட்டத்தின் கண்ணில் படக்கூடாது, அரசின் பதிவேட்டில் இல்லாமலும் இருக்கக்கூடாது. உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. போலீஸ் அதிகாரி கேட்டால் உரிமத்தைக் காட்டவேண்டும்.

மூடிய உறை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத் துப்பாக்கிக்கு உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும்.

ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. துப்பாக்கி சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரகம், அதாவது 7.65 மி.மீ. விசையை இழுத்ததும் ஊசி தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைக் குத்துகிறது. குத்துப்பட்டாலே தீப்பற்றும் ரசாயனம் அதில் இருக்கிறது. அந்தத் தீப்பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகும்போது அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 1,400 மடங்கு வரை ஏறும். ஐந்து கிராம்கூட இல்லாத ஈயக்குண்டு குழலைவிட்டு விநாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஊசி குத்தியதிலிருந்து இதற்கு ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கண் பார்த்ததற்குக் கை அசையவே அதைப்போல் இருநூறு மடங்கு நேரம் வேண்டும். விசை இழுபட்டபின் மனம் மாற இடமில்லை.

அந்தக் குண்டின் ஆற்றல் சுமார் 180 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் ஏறத்தாழ 130 ஜூல். எண்ணளவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. பந்து உடம்பில் விரிந்து மோதுகிறது. குண்டோ எல்லா ஆற்றலையும் அரைச் சதுர செ.மீ. பரப்பில் குவிக்கிறது. பந்து கன்றச்செய்கிறது, குண்டு துளைத்துக்கொண்டு போகிறது. எதிலும் படாமல் மேல்நோக்கிப் போனால் ஒரு கிலோமீட்டர் அளவு பறந்து விழக்கூடும். இஞ்சிவிளையில் சுட்டது களியக்காவிளையில் விழலாம். உரிமத்தின் எல்லை குண்டைக் கட்டுப்படுத்தாது.

இவ்வளவு ஆபத்தான பொருளை வடிவமைத்தவர்கள் தங்கள் மூளையில் பெரும்பங்கைச் சுடவைப்பதில் செலவிடவில்லை. சுடவைப்பது எளிது: ஓர் ஊசி, ஒரு சுருள்வில், ஒரு குழல் போதும். தேவையில்லாத நேரத்தில் சுடாமல் வைப்பதுதான் நூறாண்டுக்கும் மேலான உழைப்பு.

பழைய ரிவால்வர்களில் சுத்தியலின் முனை நேராகத் தோட்டாவின்மேலேயே அமர்ந்திருக்கும். தரையில் விழுந்து சுத்தியல் அடிபட்டால் வெடிக்கும். அதனால் அனுபவசாலிகள் சுத்தியலுக்குக் கீழுள்ள அறையைக் காலியாகவே வைத்திருப்பார்கள். பிஸ்டலுக்கு வேறு சிக்கல். வாய் கீழாக விழுந்து துப்பாக்கி சட்டென்று நிற்கும்போது, உள்ளே இருக்கும் ஊசி நிலைமத்தால் முன்னோக்கிப் போய்ப் பிரைமரைக் குத்தலாம். இதைத் தடுக்கப் பல நவீன பிஸ்டல்களில் ஊசியின் வழியை ஒரு சிறு உலோகக் கட்டை அடைத்து நிற்கிறது. விசையை முழுதாக இழுத்தால்தான் அது விலகும். புதிய ரிவால்வர்களில் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தகடு. விசை இழுபடாதவரை சுத்தியலின் அடி ஊசியைச் சேராது.

உலோகத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா தம் வீட்டில் உரிமம் பெற்ற ரிவால்வரை எடுத்துவைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்ததாகச் செய்தி வந்தது. குண்டு காலில் பாய்ந்து, மருத்துவமனையில் அகற்றினார்கள். தோட்டா இல்லாத ரிவால்வர் எப்படி விழுந்தாலும் வெடிக்காது. தோட்டாவை எடுத்துவிட்டுத் தனியே பூட்டிவைக்கும் பழக்கம் அதனால்தான் எந்தப் பொறியைவிடவும் உறுதியான காவல்.

பொறிக்கு அடுத்தது விரல். விசையை இழுக்க, துப்பாக்கியைப் பொறுத்து, இரண்டு மூன்று கிலோ முதல் ஐந்து கிலோ வரை பலம் வேண்டும். அது பெரிதாகத் தோன்றும். ஆனால் நரம்பியல் வேறு சொல்கிறது. திடீர்ச் சத்தம் கேட்டு உடல் துள்ளும்போது கை தானாக இறுகுகிறது. கால் வழுக்கும்போதும் இறுகுகிறது. ஒரு கையால் எதையாவது ஓங்கிப் பற்றினால் மறுகையின் தசைகளும் கூடவே சுருங்குகின்றன. இவற்றில் எதற்கும் நம் அனுமதி தேவையில்லை. ஆகவே உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியில் சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைமேல் போகக்கூடாது என்பது அடிப்படைப் பாடம். மனஉறுதியை நம்பாமல் விரலை விசையிலிருந்து அப்புறப்படுத்துகிற வழி இது.

உறை செய்வதும் அதையேதான். நல்ல உறை விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுக்க மூடுகிறது. விரலோ சட்டைநுனியோ கயிறோ உள்ளே நுழைய இடமிருக்காது. குலுங்கினாலும் ஆயுதம் நழுவாத அளவுக்கு இறுக்கிப் பிடிக்கவும் செய்யும். மடித்துக் கட்டிய முண்டின் இடுப்பு மடிப்பில் வெறுமனே செருகிக்கொண்டு பஸ்ஸின் படியேறுகிறவரிடம் இந்தக் காவல் எதுவுமில்லை. திணித்த துணி ஒன்றே விசையை இழுக்கப் போதும். பாதுகாப்புக்குத் தேவையான உறையையும் மூடுதலையும்தான் சட்டமும் விதியாக்கியிருக்கிறது.

இந்தக் காவல்களையெல்லாம் உடைத்துக்கொண்டு, கொல்வதற்கென்றே மறைத்துக் கொண்டுவந்த ஆயுதத்தையும் இந்த எல்லை பார்த்திருக்கிறது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சந்தை சாலைச் சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டும் குத்தியும் கொன்றார்கள். சில நாளில் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். கைத்துப்பாக்கி எர்ணாகுளம் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையத்துக்கு அருகே சாக்கடையிலிருந்தும், கத்தி திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்தும் மீட்கப்பட்டன.

சாக்கடையில் எறிந்தால் ஆயுதம் மறைந்துவிடுமா? குழலின் உள்ளே குண்டைச் சுழலவைப்பதற்காகச் சுருள் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். சுழன்றால்தான் குண்டு தடுமாறாமல் நேராகப் போகும். அந்தப் பள்ளங்களும், வெட்டிய கருவி விட்டுச்சென்ற நுண்கீறல்களும் வெளியேறும் குண்டின்மேல் பதிகின்றன. சில நாள் தண்ணீர் அந்தப் பள்ளங்களை அழித்துவிடாது. மீட்ட துப்பாக்கியால் ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்து, உடலில் எடுத்த குண்டோடு ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்ப்பது 1920களிலிருந்து நடக்கும் வழக்கம். பிரைமர் எரிந்து சிதறும் புகையில் ஈயமும் பேரியமும் ஆன்டிமணியும் ஒன்றாய் உருகிக் குளிர்ந்த நுண் உருண்டைகள் இருக்கும். கையில் சில மணிநேரமும், துணியில் அதைவிட அதிகமும் அவை தங்கும். மறைவு சுடும்வரைதான் செல்லும்.

இந்த அறிவியலை எதிரே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் கண்டிப்புகள் புதிதாய்ப் புரிகின்றன. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தேர்தல் வந்தால் உரிமதாரர்களை ஆராய்ந்து, தேவைப்பட்டவர்களிடம் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

நெய்யாற்றின்கரைக்காரர் களியக்காவிளைச் சந்தைக்குக் கிளம்பும்போது கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் இவ்வளவுதான்: உரிமம் கோட்டைத் தாண்டுமா, உறை விசையை மூடுகிறதா, கூட்டத்தின் நடுவே இந்த ஆயுதம் எனக்கு எதற்கு. ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றாலும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து, இரண்டையும் தனித்தனியே பூட்டிவிட்டுப் பையோடு மட்டும் கிளம்புவதுதான் சரி. சுடாதிருக்கச் செய்வதற்கு வடிவமைப்பாளர் செய்த வேலையை முடித்துவைப்பது அந்தப் பூட்டு.