திரையிலே தாவும் சிறு மனிதன்

விளையாட்டொன்றைக் கண்டால் விளையாடத் துடிப்பது பிள்ளைகளின் இயல்பு. ‘இஃது எவ்வாறு இயங்குகின்றது?’ என்று வினவுவது அறிவின் இயல்பு. இவ்விரண்டும் ஒரே பிள்ளையிடத்து ஒருங்கு சேருமாயின், அப்பிள்ளைக்குக் கற்பிக்க ஆசிரியர் பெரும்பாடு படவேண்டியதில்லை.

இன்று நம் இல்லங்களிற் கைத்தொலைபேசியும் கணினியும் புகுந்துவிட்டன. அவற்றோடு விளையாட்டும் புகுந்துவிட்டது. ‘பிள்ளை புத்தகத்தைத் தொடுகிறானில்லை, எந்நேரமும் கேம்தான்’ என்பது பெற்றோர் பலரிடம் கேட்கும் முறைப்பாடு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், கருவியைப் பறித்துப் பூட்டி வைப்பதொன்றே பரிகாரமாகாது. விளையாடும் பிள்ளையை, விளையாட்டொன்றை ஆக்கும் பிள்ளையாக மாற்றவும் வழியுண்டு. அவ்வழி எத்தகையது, அதிற் பிள்ளை பெறும் கல்வி யாது என்பனவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குவோர்க்கு ஏற்றது ‘பிளாட்போர்ம் கேம்’ எனப்படும் வகையாகும். தமிழில் இதனை மேடை விளையாட்டு எனலாம். நாயகன் பக்கவாட்டில் ஓடுவான். மேடைக்கு மேடை தாவுவான். குழி வந்தாற் கடப்பான். பகைவர் வந்தாற் தப்புவான். இவ்வுலகில் நீளமும் உயரமும் மாத்திரமே உண்டு, ஆழம் இல்லை. ஆதலின் இதனை இருபரிமாண விளையாட்டு என்பர்.

கியோட்டோ நகரிற் பிறந்த நாயகன்

யப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுச் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது நின்டென்டோ. கைத்தொழில் வடிவமைப்புப் பயின்ற சிகெரு மியாமொட்டோ என்னும் இளைஞர் 1977இல் அங்கே பணிக்குச் சேர்ந்தார். 1981இல் அவர் உருவாக்கிய ‘டொங்கி கொங்’ என்ற விளையாட்டிலே, குரங்கொன்று உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாவிக் கடந்து மேலேறும் சிறு மனிதன் ஒருவன் தோன்றினான். தாவுவதே தொழிலாகக் கொண்டமையால் அவன் ‘ஜம்ப்மேன்’ எனப்பட்டான். பிற்காலத்தில் உலகறிந்த மாரியோ அவனே.

1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ‘சுப்பர் மாரியோ பிறதர்ஸ்’ வெளிவந்தது. அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்று அளவினுள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதனினும் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையால் ஆக்கியோர் சிக்கனத்தைக் கைக்கொண்டனர். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் அங்கே ஒரே உருவம். நிறம் மாத்திரமே வேறு. வசதிக் குறைவு ஆக்கத்துக்குத் தடையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

சொல்லாமற் சொல்லும் பாடம்

அவ்விளையாட்டின் முதற் கட்டத்தை ஆசிரியர் கண்கொண்டு நோக்குதல் நன்று. நாயகன் திரையின் இடப்பக்கத்தில் நிற்கின்றான். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கின்றது. வலப்பக்கமாகச் செல் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் விளையாடுவோர் யாவரும் அப்பக்கமே செல்வர். சிறிது தூரத்தில் பகைவன் ஒருவன் மெல்ல வருகின்றான். அவன்மீது மோதினால் உயிர் போகும். ஆனால் அது தொடக்க இடமாதலால் இழப்பது சில விநாடிகளே. அடுத்த முறை தாவிக் கடக்கலாம் என்பதைப் பிள்ளை தானே அறிந்துகொள்கிறது. மேலே வினாக்குறியுடன் ஒரு கட்டி மின்னுகிறது. அதை முட்டினாற் காளான் ஒன்று வெளிப்பட்டு வலப்பக்கமாக ஓடி, அங்குள்ள குழாயில் மோதி, விளையாடுவோனை நோக்கியே திரும்புகிறது. அதைத் தொட்டவுடன் நாயகன் பெரியவனாகிறான். காளான் நன்மை தருவது என்ற பாடமும் முடிந்தது.

ஒரு சொல்லேனும் எழுதாமல் இத்தனையும் கற்பிக்கப்பட்டன. விளையாட்டை ஆக்குவோன் விளையாடுவோனின் உள்ளத்துட் புகுந்து, ‘இவன் இப்போது எதனைக் காண்பான்? எதனை நினைப்பான்?’ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறர் கண்கொண்டு காணும் இப்பயிற்சியே இக்கலை நல்கும் முதன்மையான கல்வி எனலாம்.

தாவலின் கணக்கு

இனி, சிறு மனிதன் எவ்வாறு தாவுகின்றான் என்பதைப் பார்ப்போம். திரை ஒரு பெரிய சதுரக்கோட்டுத் தாள் போன்றது. நாயகன் நிற்கும் இடத்தை இரண்டு ஆள்கூறுகள் காட்டும். கணினி ஒரு விநாடிக்குப் பெரும்பாலும் 60 முறை படத்தைப் புதிதாக வரைகின்றது. ஒவ்வொரு முறையும் நாயகனின் இடத்தோடு அவனது வேகத்தைக் கூட்ட வேண்டும். பின்னர் அவ்வேகத்திலிருந்து புவியீர்ப்புக்குரிய சிறிய எண்ணொன்றைக் கழிக்க வேண்டும். இவ்வளவே தாவல்.

உதாரணமாக, பொத்தானை அழுத்தியவுடன் மேனோக்கிய வேகம் 6 படப்புள்ளி என்றும், ஒவ்வொரு படத்துக்கும் குறையும் அளவு கால் என்றும் கொள்வோம். 6, 5¾, 5½ என வேகம் குறைந்து 24 படங்களிற் பூச்சியமாகும். அவற்றைக் கூட்டினால் 75 வரும். ஒரு கட்டி 16 படப்புள்ளி உயரமாயின், நான்கு கட்டிகளை அவன் எளிதாகத் தாண்டுவான். மீண்டும் தரையைத் தொட ஏறக்குறைய அவ்வளவு நேரமே செல்லும். ஆக, முழுத் தாவலுக்கும் முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம். வகுப்பில் ஆர்முடுகலையும் கூட்டல் விருத்தியையும் படித்த மாணவனுக்கு இவை புதியனவல்ல. ஆனால் அங்கே தாளிற் கிடந்த எண்கள் இங்கே எழுந்து தாவுகின்றன.

எனினும், இயற்கையின் கணக்கை அப்படியே பின்பற்றினால் தாவல் சுவைப்பதில்லை. மாரியோ விளையாட்டிற் பொத்தானை அழுத்தியபடி மேலேறும்போது ஈர்ப்புக் குறைவாகவும், கையை எடுத்ததும் அல்லது கீழிறங்கும்போதும் மிகுதியாகவும் இருக்கும்படி அமைத்தனர். மெல்லத் தட்டினாற் சிறு தாவல். அழுத்திப் பிடித்தாற் பெருந்தாவல். எந்த எண் பொருத்தமானது என்பதைச் சூத்திரம் சொல்லாது. மாற்றிப் பார்த்து, விளையாடிப் பார்த்து, மீண்டும் மாற்றியே காண வேண்டும்.

அடுத்த இடர், தரையைத் தொடுதல். நாயகனை ஒரு செவ்வகமாகவும் மேடையை மற்றொரு செவ்வகமாகவும் கொண்டு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று கணினி சோதிக்கும். மேடையின் தடிப்பு 8 புள்ளியாக இருக்க, நாயகன் ஒரு படத்துக்கு 40 புள்ளி வீதம் விழுந்தால் என்னாகும்? ஒரு படத்தில் மேடைக்கு மேலே நிற்பான். அடுத்த படத்தில் அதன் கீழே இருப்பான். இடையில் மேடையைத் தொட்டதாகக் கணினி அறியவே அறியாது. விழும் வேகத்துக்கு எல்லை விதிப்பது இதற்கு எளிய மருந்து. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கம் மாணவனிடம் வேரூன்றுவது இத்தகைய இடங்களிலேதான்.

நியாயம் என்னும் பண்பு

2018இல் வெளிவந்த ‘செலெஸ்ட்’ மிகக் கடினமான மேடை விளையாட்டு. ஆயினும் அதில் ஓர் இரக்கம் மறைந்துள்ளது. மேடையின் விளிம்பைக் கடந்த பின்னரும், விநாடியிற் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பொத்தானை அழுத்தினாற் தாவலாம். பாறை விளிம்பைத் தாண்டியும் சிறிது நேரம் விழாமல் ஓடும் கேலிச்சித்திர விலங்கொன்றின் பெயரால் இதனைக் ‘கொயோட்டி நேரம்’ என்பர். விளையாடுவோர் இச்சலுகையை அறியார். ‘நான் உரிய நேரத்தில் அழுத்தினேன்’ என்றே மகிழ்வர். தோற்கும்போது ‘பிழை என்னுடையது, மறுபடி முயல்வேன்’ என்று சொல்ல வைப்பதே நல்ல விளையாட்டு. ‘இது அநியாயம்’ என்று சொல்ல வைப்பது ஆக்கியோனின் குறை. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்க்கும் இவ்விதி பொருந்தும்.

தொடங்கும் முறை

மாணவர் பலர் முதல் நாளிலேயே நூறு கட்டங்களும் அரக்கர் படையும் கொண்ட பெருங்காவியத்தைத் திட்டமிட்டு, இரண்டாம் வாரத்திற் சலித்துக் கைவிடுகின்றனர். மேற்கூறிய ‘செலெஸ்ட்’ விளையாட்டின் முதல் வடிவத்தை இருவர் நான்கே நாட்களில், 128க்கு 128 புள்ளி கொண்ட சின்னஞ்சிறு திரைக்கு ஆக்கி முடித்தனர். முதலில் முடித்தனர், பின்னரே வளர்த்தனர்.

சிறுவர்க்கு ‘ஸ்கிராட்ச்’ ஏற்றது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றி 2007இல் வெளியான இம்மென்பொருளில் கட்டளைகள் வண்ணக் கட்டிகளாக இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினாற் போதும். மூத்த மாணவர் பைதன் மொழியையோ, ‘கொடோ’ என்னும் விளையாட்டு ஆக்கக் கருவியையோ நாடலாம். மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் வாரத்தில் ஒரு வெறுஞ் சதுரம் தரையில் நின்று தாவட்டும். அழகிய உருவம் பின்னர் வரட்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று மேடைகளும் ஒரு குழியும் போதும். அவற்றைக் கணினியைத் தொடுமுன் சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைந்து கொள்க. மியாமொட்டோவும் தம் கட்டங்களைத் தாளிலேதான் வரைந்தார். மூன்றாம் வாரத்தில் ஒரு பகைவனும் முடிவைக் காட்டும் ஒரு கொடியும் சேர்க. நான்காம் வாரத்தில் தம்பியையோ தங்கையையோ அழைத்து விளையாடவிட்டு, வாய் திறவாமல் அருகிலிருந்து பார்க்க. அவர்கள் எங்கே தயங்குகின்றனரோ, அங்கே திருத்தம் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆக்கிய விளையாட்டு கடை விளையாட்டைப் போல மினுங்காது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயினும், ‘காட்டு பார்ப்போம்’ என்று கேட்டு ஒருமுறை விளையாடிப் பாருங்கள். குழியில் விழுந்தால், எந்த எண்ணை மாற்றினால் அக்குழியைத் தாண்டலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறத் தெரிந்த பிள்ளை, திரைமுன் கழித்த பொழுதுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டது.