இரண்டடித் தொலைவு

சாலையோரத்தில் நிற்கும் ஒருவன் இரண்டடி முன்வைத்தால் வண்டிகள் ஓடும் தடத்தில் நிற்பான். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் வரும் மோட்டார் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநரின் கண்ணோ இருளிலும் மழையிலும் ஏமாறும். ஆதலின், நடந்து செல்வோரும் மிதிவண்டியில் செல்வோரும் உள்ள இடத்தை வண்டியே அறிந்து, தானே நிற்கும் வழியை அறிஞர் நாடலாயினர்.

இதற்குச் செயற்கைக்கோள் துணைசெய்யும் என்று முதலில் தோன்றும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள் வானொலி அலைகளால் தம் நேரத்தை ஓயாது அறிவிக்கின்றன. அவ்வலைகள் வந்துசேரும் காலத்தைக் கணக்கிட்டுக் கைப்பேசி தன் இடத்தை அறிகிறது. அக்கணக்கில் நொடியின் பத்துக்கோடியில் ஒரு பங்கு தவறினும் தொலைவு 3 மீட்டர் பிறழும். வெட்டவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிழை நேர்வதுண்டு. மாடமாளிகைகள் நெருங்கிய தெருவிலோ, அலைகள் சுவர்களில் மோதித் திரும்புவதால் பிழை இன்னும் பெருகும். வண்டித்தடத்தின் அகலமோ ஏறத்தாழ 3½ மீட்டரே. நடைபாதையில் நிற்பவனை நடுச்சாலையில் காட்டும் கருவியால் யாது பயன்? ஊர் தேடுவானுக்கு அது போதும். உயிர் காப்பானுக்குப் போதாது.

நன்கு அளந்து குறித்த ஓரிடத்தில் நிலையம் அமைத்து, அங்குக் காணும் பிழையைக்கொண்டு அருகிலுள்ள நுண்கருவிகளைத் திருத்தினால், பிழை சில சென்டிமீட்டராகச் சுருங்கும். நில அளவையாளர் கையாளும் முறை இது. எனினும், சாலையில் செல்வார் அனைவரும் அத்தகைய கருவி ஏந்திச் செல்வாரோ? எனவே வண்டியிலேயே ரேடாரும் லேசர் ஒளிக்கருவியும் நிழற்படக் கருவியும் பொருத்தப்படுகின்றன. இவை தொலைவை நுட்பமாக அளப்பன. அளந்த பின்னரும், கண்ட உருவம் யாது, அடுத்த நொடியில் எங்கே செல்லும் என்பதை அறிதல் வேண்டும்.

2018 மார்ச்சு 18 அன்று இரவு, அமெரிக்க நாட்டில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், தானே ஓடும் சோதனை வண்டியொன்று மோதி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்னரே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன என்பது பின்னர் நடந்த அரசாங்க ஆய்வில் வெளிப்பட்டது. கண்ட உருவை மோட்டார் வண்டி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் அவ்வண்டி மாறிமாறிக் கருதிற்று. கருத்து மாறுந்தோறும், அவர் அதுவரை வந்த வழியை விட்டுவிட்டுப் புதிதாகக் கணக்கைத் தொடங்கிற்று. காவலாக அமர்ந்திருந்தவரின் பார்வையும் சாலையில் நிலைக்கவில்லை. சாலையைக் கடப்பதற்கெனக் குறித்த இடத்தில் அல்லாமல் வேறிடத்திலும் மாந்தர் கடப்பர் என்பது அவ்வண்டிக்குக் கற்பிக்கப்படவேயில்லை.