கற்பிக்கும் செவிலியர்

தென்பெண்ணை யாற்றின் கரையில் அமைந்த பழம்பதி திருக்கோவிலூர். சங்க நூல்கள் இதனைக் கோவல் என்று குறிக்கும். மலையமான் திருமுடிக்காரி இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். நாடி வந்த புலவர்க்குத் தேர்களை வரையாது வழங்கிய வள்ளல் அவன். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய இவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் செழித்து விளைகின்றன.

இத்தகைய ஊரில், கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர்க்குக் காலில் முள் தைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் பல்லாண்டுகளாக நீரிழிவு நோய் உடையவர். வேளை தவறாமல் மாத்திரையும் உண்டு வருகிறார். ஆயினும், நோயினால் காலின் நரம்புகள் உணர்ச்சி குன்றிவிட்டமையால், முள் தைத்ததை அவர் அறியவில்லை. வலி இல்லாத புண்ணை யார் பொருட்படுத்துவர்? சில நாட்களில் புண் சீழ்கொண்டு ஆழமாகப் பரவுகின்றது. மருத்துவமனையை அடையும்போது காலையே இழக்க வேண்டிய நிலை வந்துவிடுகின்றது. இக்கேடு மருந்து இல்லாமையால் வந்ததன்று. இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும் என்னும் சிறிய செய்தியை அவர்க்கு ஒருவரும் கற்பிக்காமையால் வந்தது.

நீரிழிவு பழமையான நோய். சித்த மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்று வழங்கும். நாம் உண்ணும் உணவு செரித்துச் சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றது. அச்சர்க்கரையை உடலின் உறுப்புகள் பயன்படுத்திக்கொள்வதற்குத் துணைசெய்வது, கணையம் என்னும் உறுப்பிலே சுரக்கும் இன்சுலின். இது போதிய அளவு சுரவாவிடினும், சுரந்தும் சரிவரப் பயன்படாவிடினும், குருதியில் சர்க்கரை மிகும். மிகுந்த தாகமும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், உடல் மெலிதலும் இதன் அறிகுறிகள். நாளடைவில் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவை பழுதுறும். இனிப்பு உண்பது ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்பது பிழை. மரபுவழி, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன் முதலிய பல காரணங்கள் உள. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நிகழ்ந்து 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளது.

1921 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மக்லியாடு, காலிப் என்பார் அவர்கட்குத் துணைநின்றனர். 1922 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சாகும் நிலையிலிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் இம்மருந்தினால் உயிர் பெற்றான். அதுவரை சிறுவர்க்குக் கூற்றமாய் இருந்த நோய், அன்றுமுதல் வாழ்நாள் முழுதும் உடன்வரும் நோயாயிற்று. ஆனால் அதனோடு புதிய கடமை ஒன்றும் பிறந்தது. நாள்தோறும் ஊசி இடுதலும், உணவை அளந்து உண்ணலும், சர்க்கரையின் அளவை ஆராய்தலும் நோயாளியின் கையிலேயே விடப்பட்டன. மருத்துவரை அவர் காண்பது திங்களுக்கு ஒரு முறை. ஏனைய நாட்களில் தமக்குத் தாமே மருத்துவர்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின். அவர் 1918 ஆம் ஆண்டிலேயே நோயாளிகள் படித்தறிதற்கென நூல் ஒன்று வெளியிட்டார். செவிலியரைப் பயிற்றுவித்து நோயாளிகளின் இல்லங்களுக்கே அனுப்பினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்றையும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாகவும், நோயாளியை அத்தேரின் பாகனாகவும் அவர் உருவகித்தார். தேர்க்கொடையாற் புகழ்பெற்ற காரியின் ஊரார்க்கு இவ்வுருவகம் எளிதில் விளங்கும். குதிரை ஒன்று மிக விரைந்தாலும் தளர்ந்தாலும் தேர் கவிழும். ஊசி இட்டுக்கொண்டபின் உணவை மறந்தால் சர்க்கரை அளவு கடந்து குறையும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், அறிவு மயங்கும். அந்நேரத்தில் சிறிது சர்க்கரையை உடனே உண்ணல் வேண்டும் என்று அறிந்தவர் பிழைப்பர். அறியாதவர் உயிர்க்கே ஊறு நேரும்.

இத்தேரோட்டும் கலையைக் கற்பிக்கும் ஆசிரியரே நீரிழிவுக் கல்வியில் தேர்ந்த செவிலியர். ஊசியை ஒரே இடத்தில் இடாது இடம் மாற்றி இடுதலை அவர் காட்டுவார். காலுக்கு ஏற்ற செருப்பின்றி வயலில் நடத்தலாகாது என்று விளக்குவார். மருந்தை வெயிலில் வைத்தால் அதன் ஆற்றல் கெடும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானைக்குள் சிறு பானையொன்றை வைத்து, அதில் மருந்தைப் பாதுகாக்கலாம் என்று வழி கூறுவார். சோற்றை அறவே விலக்கு என்று அச்சுறுத்தாது, அளவைக் குறைத்துக் காயும் கீரையும் பருப்பும் கூட்டி உண்ண அறிவுறுத்துவார். பண்டை இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்து, நல்லன கற்பித்த தாய். அப்பெயர் இவர்க்கு எத்துணைப் பொருத்தம்!

ஆசிரியர் பிழைபடக் கற்பித்தால் மாணவன் தேர்வில் தோற்பான். செவிலியர் பிழைபடக் கற்பித்தால் நோயாளி உயிரையே இழக்க நேரும். ஆதலின், கற்பிப்போர் தம் அறிவைச் செப்பம் செய்துகொள்ள ஓர் அமைப்பு வேண்டும். புதிய மருந்தும் கருவியும் வருந்தோறும் அவற்றை ஆராய்ந்து தெளிதல், தகுதியின் அளவை வரையறுத்தல், ஓர் ஊரில் கண்ட பட்டறிவைப் பிற ஊரார்க்கு உரைத்தல், தொழிலின் மதிப்பைக் காத்தல் ஆகியவை அதன் கடமைகள். இந்நோக்குடன் அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டில் நீரிழிவுக் கல்வியாளர் சங்கம் தோன்றியது. செவிலியரோடு உணவியல் வல்லுநரும் மருந்தாளுநரும் அதில் இடம்பெற்றனர். 1986 ஆம் ஆண்டில், கல்வியாளரின் தகுதியைத் தேர்வு நடத்திச் சான்றளிக்கத் தனி வாரியம் ஒன்று அங்கே அமைந்தது. ஐரோப்பிய நாடுகளில் நீரிழிவு நோய்ப் பணியிலுள்ள செவிலியர் 1995 ஆம் ஆண்டில் தமக்கெனக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர்.

நம் நாட்டில் செவிலியர் ஒன்றுகூடியது அதற்கும் முற்பட்டது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908 ஆம் ஆண்டில் எழுந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்தற்கு 1926 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1948 ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5 ஆம் நாள் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற மகளிர் இல்லந்தோறும் சென்று, குருதியழுத்தமும் சர்க்கரையும் ஆராய்ந்து, மாத்திரைகளையும் அளிக்கும் திட்டம் இது. ஜோஸ்லின் பாஸ்டன் நகரில் செய்த பணி இன்று நம் சிற்றூர்களின் தெருக்களிலும் நிகழ்கின்றது. வீடு தேடி வரும் மாத்திரையோடு விளக்கமும் உடன்வருமாயின், கரும்பு வெட்டும் தொழிலாளியின் கால் காப்பாற்றப்படும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என நான்கு கூறுகளை வகுத்தார். நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது. நான்காம் கூற்றாகிய செவிலியரின் கல்வி வளர்ந்தால், முதற் கூற்றாகிய நோயாளியின் அறிவும் வளரும். அவ்வறிவு வளர்ந்த இல்லத்தில் நீரிழிவு அஞ்சத்தக்க பகையாக இராது; அடங்கி உடன்வரும் நோயாகவே இருக்கும்.