கர்ப்பப்பையைக் காக்கும் சிகிச்சை

"கர்ப்பப்பையில் புற்றுநோய்" என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், பிள்ளை பெறாத இளம்பெண்ணின் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று உயிரைப் பற்றியது. மற்றொன்று, இனித் தாயாக முடியாதே என்பது. கர்ப்பப்பையை அடியோடு எடுத்துவிடுவதே இன்றும் தலையாய சிகிச்சை. முதல் அச்சத்தைத் தீர்க்கும் அதுவே இரண்டாவதை மெய்யாக்கிவிடுகிறதன்றோ?

கர்ப்பப்பையின் உட்சவ்வில் தோன்றும் இந்நோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பின்னரே வருவது; இளமையில் அபூர்வம். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அச்சவ்வை வளர்க்கிறது. புரொஜெஸ்டிரோன் அடக்கி வைக்கிறது. உடற்பருமன், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு முதலியவற்றால் மாதந்தோறும் முட்டை வெளிப்படாமற் போனால், அடக்குவாரின்றிச் சவ்வு தடிக்கிறது. சிலருக்கு நாளடைவில் அது புற்றாகிறது.

அடக்கும் ஹார்மோனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? கெல்லி, பேக்கர் என்னும் வைத்தியர்கள், முற்றிய நோயிலும் அது சிலருக்குப் பயன் தந்ததை 1961-இல் வெளியிட்டார்கள். இன்று இம்மருந்தை மாத்திரையாகவோ, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறு சாதனத்தின் மூலமாகவோ அளிக்கிறார்கள்.

ஆயினும் இது எல்லோருக்கும் உரியதன்று. நோய் வீரியம் குறைந்த வகையாய் இருக்க வேண்டும். சவ்வைத் தாண்டித் தசையில் இறங்கியிருக்கலாகாது. இதனை எம்.ஆர்.ஐ. படத்தினால் ஆராய்ந்தறிவர். பின்னர் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கொரு முறை சவ்வைச் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். மருந்துக்கு நோய் அடங்காவிடில், அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போடலாகாது.

பலன் எவ்வளவு? 408 பெண்களைப் பற்றிய 34 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்கின்படி, 100-க்கு 76 பேருக்கு நோய் மறைந்தது. ஆனால் மறைந்தவர்களில் 100-க்கு சுமார் 41 பேருக்கு அது மீண்டது. பிள்ளை பெற்றவர்கள் 100-க்கு 28 பேரே. ஆகவே, இச்சிகிச்சை தருவது பூரண விடுதலையன்று, தவணைதான். மறைந்ததும் காலங்கடத்தாமல் மகப்பேற்றுக்கு முயல்வதும், மக்களைப் பெற்றபின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுமே வைத்தியர்கள் கூறும் நெறி.

அந்தத் தவணையும் நோயை ஆரம்பத்திலேயே கண்டவர்களுக்குத்தான் கிட்டும். தீட்டு முறைதவறி வந்தாலும், மிகுதியாகப் போனாலும், இடையில் உதிரம் கண்டாலும், நம் பெண்கள் வெட்கத்தால் வாய் திறவாதிருக்கிறார்கள். "கல்யாணமானால் சரியாய்ப் போய்விடும்" என்று பெரியவர்களும் ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். தாய்மார்களே, மகள் சொல்லத் தயங்குவதை நீங்களே கேளுங்கள். காலத்தில் கேட்ட ஒரு கேள்வி, அவள் உயிரோடு அவள் மடியில் தவழவிருக்கும் குழந்தையையும் காக்கக் கூடும்.