தோலில் ஏறும் சிரிப்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்குப் புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், சினிமாவுக்கும் துணிமணிக்கும் ஊர்க்காரர்கள் போவது புதுச்சேரிக்கே. டாட்டூவுக்கும் அப்படித்தான். கடைக்குப் போகும் இளைஞர்களில் சிலருக்கு இப்போது அம்மா பெயரோ சிவன் உருவமோ வேண்டாம். பார்த்தவுடன் சிரிப்பு வரவேண்டும். வடிவேலுவின் முகமோ ஒரு மீம் வசனமோ போதும்.

நம் ஊரில் பச்சை குத்துவது பழைய சங்கதி. குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் எழுதிவைத்திருக்கிறார். பாட்டிமார் கைகளில் கோலமும் தேளும் பெயரும் இருந்தன. பிறகு அரசியல் வந்தது. 1970களில் கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொள்ளும்படி எம்.ஜி.ஆர். சொன்னபோது, அ.தி.மு.க.வுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் தொண்டர்கள் அவர் முகத்தைக் குத்திக்கொண்டார்கள். பக்தி, பாசம், விசுவாசம் என்று எல்லாவற்றுக்கும் தோலில் இடம் கிடைத்தது. சிரிப்புதான் தாமதமாக வந்திருக்கிறது.

வந்ததில் தவறே இல்லை. நடிகை த்ரிஷாவின் நெஞ்சின் மேற்பகுதியில் இருக்கும் நீமோ மீனைத் தமிழ் ரசிகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' கார்ட்டூன் படத்தின் குட்டி மீன் அது. படத்தைப் பார்க்காதவருக்கும் அது ஓர் அழகான மீன்தான். விளக்கம் தேவைப்படாத விளையாட்டு என்பதால் இத்தனை வருடமாகியும் பழசாகத் தெரியவில்லை.

இதன் பக்கத்தில் வடிவேலு நடித்த நேசமணியை வைத்துப் பார்க்கலாம். 2019 மே மாதக் கடைசியில், ஃபேஸ்புக் பக்கமொன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. இதுதான் காண்டிராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று ஒரு தமிழர் பதில் போட, அவருக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் உலக டிரெண்டுக்கே போய்விட்டது. சில நாளில் அடங்கியும்விட்டது. ஆனால் 2001-இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தின் அந்தக் காட்சி இன்றைக்கும் டி.வி.யில் வந்தால் வீடே சிரிக்கிறது. நேசமணியையே குத்திக்கொள்ள ஆசைப்படுகிறவர், தனக்குப் பிடித்தது அந்தக் காட்சியா, அந்த வாரத்து ஆரவாரமா என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. காட்சி என்றால் தைரியமாகப் போடலாம். அப்போதே 18 வருடம் தாங்கியிருந்த சிரிப்பு இன்னும் தாங்கும்.

மை தோலில் தங்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை விடுகிறது. உடம்பின் காவல் செல்கள் அந்தத் துகள்களை விழுங்கிவைத்துக்கொள்ளும். அந்தச் செல் இறந்தால் துகள் வெளியே வரும். அடுத்த செல் அதை விழுங்கும். பிரான்ஸின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். லேசர் சிகிச்சை துகள்களை நொறுக்கித்தான் அழிக்கிறது. அதுவும் ஒரே நாளில் முடியாது. பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை போகவேண்டும். கறுப்பு ஓரளவு சுலபமாகப் போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும்.

வசனம் எழுதுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்தில் தனிச் சிக்கல் இருக்கிறது. வருடங்கள் போகப்போக மை கொஞ்சம் பரவும். பொடி எழுத்தில் எழுதினால் ணகரத்தின் மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு ஒரே புள்ளியாகிவிடும். 'ர'வும் 'ற'வும் இடம் மாறினால் நகைச்சுவை வேறு பக்கம் போய்விடும். ஊசி வைப்பதற்கு முன் ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டி எடுப்பார்கள். ஊதா நிறத்தில் கோடு விழும். அந்த நேரத்தில் கூட வந்த நண்பனைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது உத்தமம். அண்ணா, இந்தப் புள்ளி விட்டுப்போச்சு என்று சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சீருடை வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் இன்னும் யோசிக்கவேண்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளின் மருத்துவ விதிகள் அனுமதிப்பது பெயரையும் மதச் சின்னங்களையும்தான். அதுவும் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்தில் அல்லது புறங்கையில், அந்தப் பகுதியின் கால்வாசிக்கும் குறைவான அளவில் இருக்கவேண்டும். வலது கையில் சிரிக்கும் வடிவேலு மருத்துவப் பரிசோதனையோடு திரும்பிவர நேரலாம். ரத்த தானம் செய்கிறவர்களும் டாட்டூ போட்டபின் 12 மாதம் காத்திருக்கவேண்டும். ஊசி சுத்தமில்லாவிட்டால் மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி பரவக்கூடும் என்பதே காரணம். புது ஊசிப் பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கோட்டக்குப்பத்தில், பச்சை குத்துவதை நபிமொழி தடுப்பதால் பல குடும்பங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. பெருநாளுக்கு மருதாணி மட்டும் தவறாது. அந்த மருதாணிதான் நகைச்சுவை டாட்டூவுக்கு நல்ல ஒத்திகை. மேல்தோலில் மட்டும் பிடிப்பதால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் போய்விடும். நினைத்த வசனத்தை நினைத்த இடத்தில் மருதாணியால் எழுதிக்கொண்டு வேலைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம், துக்க வீட்டுக்கும் போய்ப் பார்க்கலாம். என்ன மச்சான் இது என்று பத்துப் பேர் கேட்டபிறகும் விளக்கம் சொல்ல அலுக்கவில்லையென்றால் கடைக்குப் போகலாம். ஒன்றில் மட்டும் கவனம்: சீக்கிரம் கறுக்கும் என்று விற்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. ரசாயனம் இருக்கக்கூடும். அது சிலருக்குக் கொப்புளம் கிளப்பித் தழும்பையே விட்டுவிடும். வீட்டு மருதாணி இலையை அரைத்துப் போடுவதே பாதுகாப்பு.