வாளியோடு வரும் தணிக்கையாளர்

பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குப் போனால் "நாங்கள் தண்ணீரைச் சேமிக்கிறோம், பூமியைக் காக்கிறோம்" என்று அழகாக எழுதிய பலகை கண்ணில் படும். அது உண்மைதானா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கணக்குத் தணிக்கையாளர் வரவு செலவைச் சரிபார்ப்பார் அல்லவா? பசுமைத் தணிக்கையாளர்களாகிய நாங்கள் ஓட்டலின் தண்ணீர், மின்சாரம், எரிபொருள், குப்பை ஆகியவற்றின் கணக்கைச் சரிபார்க்கிறோம். பில்களையும் பதிவேடுகளையும் புரட்டுவோம். ஆனால் தாளில் இருப்பதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

முதல் கருவி ஒரு வாளி. 10 லிட்டர் பிடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் வாளிதான். அடுத்தது, நொடி காட்டும் கடிகாரம். ஷவரைத் திறந்துவிட்டு, வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். எந்தெந்த அறையை அளப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம். மேல்மாடியில் சில, கீழ்மாடியில் சில. ஏன் தெரியுமா? மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்க இறங்கக் குழாயில் நீரின் அழுத்தம் கூடும். 10 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். அதைக் குறைக்கும் வால்வு இல்லாத கட்டடத்தில், ஒரே மாதிரி ஷவர்கள் என்றாலும் கீழ்மாடியில் இருப்பது அதிகமாகக் கொட்டும். மேல்மாடியை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்.

1994இல் டென்மார்க்கில் தொடங்கிய 'கிரீன் கீ' என்ற சான்றிதழ் இன்று பல நாட்டு ஓட்டல்களுக்கு வழங்கப்படுகிறது. ஷவரிலிருந்து நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. அப்படியானால் நம் வாளி நிறைய 67 நொடியாவது ஆக வேண்டும். 40 நொடியிலேயே நிறைந்துவிட்டால்? நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது என்று பொருள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒருவர் 6 நிமிடம் குளிக்கிறார். 15 லிட்டர் ஷவரில் 90 லிட்டர் போகும். 9 லிட்டர் ஷவரில் 54 லிட்டர். மிச்சம் 36 லிட்டர். அது வெறும் தண்ணீர் அல்ல, வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. 28 டிகிரித் தண்ணீரை 40 டிகிரி ஆக்க 12 டிகிரி ஏற்ற வேண்டும். 36 × 12 × 4.2 என்று பெருக்கினால் ஏறக்குறைய 1,800 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக, ஒரே குளியலில் அரை யூனிட் மிச்சம்!

நாளுக்கு நூறு பேர் குளிக்கும் ஓட்டலில் 3,600 லிட்டர் மிச்சமாகும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு வேகனில் 50,000 லிட்டர். ஷவரைச் சரிசெய்த அந்த ஓட்டல் இரண்டே வாரத்தில் ஒரு வேகன் தண்ணீரை மிச்சப்படுத்திவிடும். இந்தக் கணக்கைப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு உற்சாகமாக இருக்கும்.

"தண்ணீரைக் குறைத்தால் குளித்த மாதிரியே இருக்காதே" என்று கேட்பீர்கள். நல்ல சிக்கன ஷவர்கள் சிலவற்றில் உள்ளே ஓர் இடத்தில் பாதை குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் நீர் வேகமாக ஓடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அங்கே சிறு துளை இருந்தால் வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797இல் எழுதிய விளைவு இது. காற்று கலந்த நீர் உப்பலாகப் பொழிவதால் குறைவாக வருவதே தெரியாது.

ஆனால் எல்லாவற்றையும் குறைத்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். "எரிபொருளை மிச்சம் பிடிக்க வெந்நீர்த் தொட்டியை 45 டிகிரியிலேயே வைத்திருக்கிறோம்" என்று ஓர் ஓட்டல் பெருமையாகச் சொன்னால், நான் பாராட்ட மாட்டேன், பதறுவேன். காரணம் 1976இல் நடந்த ஒரு துயரம்.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபர்ட் என்ற ஓட்டலில் முன்னாள் படைவீரர்கள் கூடினார்கள். வீடு திரும்பியதும் பலருக்குக் கடும் காய்ச்சல், நிமோனியா. ஓட்டலை ஒட்டிய தெருவில் நடமாடியவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றார்கள். 34 பேர் இறந்துபோனார்கள். என்ன நோய் என்றே மாதக்கணக்கில் புரியவில்லை. கடைசியில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி, முன்பே பார்த்து ஒதுக்கிய, ஆய்வு மாதிரிகள் கொண்ட கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்து நுண்ணோக்கியில் பொறுமையாகத் தேடி, அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் லெஜியோனெல்லா. ஏசி இயந்திரத்தின் கூலிங் டவரில் வளர்ந்து, நுண்ணிய நீர்த்திவலைகளோடு காற்றில் பரவியிருக்கும் என்று கருதுகிறார்கள்.

இந்தக் கிருமிக்கு 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான, அசையாத தண்ணீர் மிகவும் பிடிக்கும். 60 டிகிரியில் அது தாக்குப்பிடிக்காது. அதனால் தொட்டியில் வெந்நீரை 60 டிகிரியில் வைத்திருந்து, குளிக்கும் இடத்தில் குளிர்நீரைக் கலந்து விட வேண்டும். ஆளில்லாத அறையின் குழாயையும் ஷவரையும் வாரம் ஒருமுறையாவது திறந்து, தேங்கிய நீரை ஓடவிட வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்தச் சொல்லும் நானே, இந்தத் தண்ணீரைக் கொட்டினீர்களா என்று பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். என் கைப்பையில் வெப்பமானி இருப்பது அந்த 60 டிகிரியைச் சரிபார்க்கத்தான்.

இன்னொரு பதிவேடும் முக்கியம். ஏசிக்கு இந்த ஆண்டு எத்தனை கிலோ கேஸ் நிரப்பினார்கள்? ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. திரும்ப நிரப்பினார்கள் என்றால், எங்கோ கசிந்திருக்கிறது. ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால், அது பூமியைச் சூடாக்குவதில் 2,000 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். கசியும் இடத்தை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

எங்கள் சோதனைகளில் ஒன்றை நீங்களும் செய்யலாம். கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் மூடியைப் பெரியவர்களைத் திறக்கச் சொல்லுங்கள். கேசரிக்குப் போடும் கலர் பொடியில் ஒரு சிட்டிகையைத் தொட்டி நீரில் கலக்குங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக்கூடாது. பிறகு கீழே கோப்பையைப் பாருங்கள். அங்கே நிறம் வந்திருந்தால், தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக அடைக்கவில்லை. இரவு பகலாகத் தண்ணீர் சத்தமின்றி இறங்கிக்கொண்டிருக்கிறது. ரப்பர் இறுகிப்போயிருக்கலாம், அல்லது உப்பு படிந்திருக்கலாம். உப்பு என்றால் துடைத்தாலே போதும். ரப்பர் என்றால் பிளம்பிங் சாமான் கடையில் புதிது கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போனால் அளவு மாறாமல் வாங்கி வரலாம்.