கன்னத்தில் கட்டியா? எப்போதிலிருந்து, எந்த இடத்தில்?

பிள்ளையின் முகத்தில் சின்னக் கட்டி தெரிந்தால் வீட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். ‘தானா போயிடும்’ என்பார் ஒருவர். ‘உடனே எடுத்துடணும்’ என்பார் இன்னொருவர். மருத்துவரோ எப்போது வந்தது, எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பல சமயம் பார்த்தும் தொட்டுமே கண்டுபிடித்துவிடலாம்; சந்தேகம் இருந்தால் ஸ்கேன்.

பச்சைக் குழந்தையின் மூக்கில் இருக்கும் வெண்புள்ளிகள் சில வாரங்களில் மறையும். நடுவில் குழி விழுந்த முத்துப் பருக்கள் வைரஸால் வருபவை; அவையும் மாதக்கணக்கில் இருந்துவிட்டுப் போய்விடும். சுண்ணாம்பு வைத்தால் தழும்புதான் மிஞ்சும். கல் போலக் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பைலோமேட்ரிகோமா. அது கரையாது, அறுவை சிகிச்சைதான்.

சில இடங்களில் வந்தால் காத்திருக்கக் கூடாதது சிவந்த ரத்தநாளக் கட்டி, ஹீமாஞ்சியோமா. பிறந்த சில வாரங்களில் புள்ளியாகத் தோன்றி, முதல் மூன்று மாதங்களில் மளமளவென்று வளரும். சிறியது தானே வாடும். ஆனால் கண்ணிமையில் வளர்ந்தால் பார்வையைப் பாதிக்கும். மூக்கு நுனியிலும் உதட்டிலும் புண்ணாகி வடிவத்தைக் கெடுக்கும். இதற்கான மருந்து கிடைத்த கதை சுவையானது. பிரான்ஸின் போர்தோ நகரில், மூக்கில் இக்கட்டி இருந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. அதற்காகப் புரோப்ரானலால் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி நிறம் மாறி இளகியது. 2008-ல் கிறிஸ்டீன் லெயோதே-லப்ரேஸ் குழுவினர் இதை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் முதல் மருந்து அதுதான். ஆனால் இதயத்தைப் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். பால் குடிக்காத வேளையில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

புருவத்தின் வெளிமுனையில் பிறந்ததிலிருந்தே உருண்டையாக இருப்பது பெரும்பாலும் டெர்மாய்டு, நிதானமாக எடுக்கலாம். அதுவே மூக்குத்தண்டின் நடுவில் இருந்தால் விஷயம் வேறு. மூளைவரை தொடர்பு இருக்கக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ பார்க்காமல் ஊசியோ கத்தியோ வைக்கக் கூடாது. ‘சின்னதுதானே’ என்று பக்கத்துக் கிளினிக்கில் கீறிவிடுவது இங்கேதான் ஆபத்து.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ்காரர்களுக்கு இந்தச் சிகிச்சையெல்லாம் எட்டாத தூரமில்லை. சியால்தா லோக்கலில் பாலிகஞ்ச் தாண்டினால் பார்க் சர்க்கஸ், டாக்டர் கே.சி. சவுத்ரி 1950களில் நிறுவிய குழந்தைகள் நல மருத்துவமனையான இன்ஸ்டிட்யூட் ஆஃப் சைல்ட் ஹெல்த் அங்கேதான் இருக்கிறது. போகும்போது, பிறந்த நாளிலிருந்து போனில் எடுத்த படங்களையும் காட்டுங்கள். கட்டி வளர்ந்த வேகம் அதில் தெரியும்.